பிழைக்குப் பெயரிடும் முறை: தொலைச்செயல் அழைப்பில் நிலைக் குறியீடுகள்

பிழை நேர்ந்தது என்று கூறுதல் எளிது. எவ்வகைப் பிழை நேர்ந்தது என்று கூறுதலே அரிது. தமிழிலக்கணம் பயிற்றும் ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவர். ஒரு தொடர் வழுவுடையது என்று சொன்ன அளவில் நன்னூலார் நின்றுவிடவில்லை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாகப் பகுத்துக் காட்டினார். 'இது பால் வழு' என்று கேட்ட மாணவன் எழுவாயையும் பயனிலையையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக் கொள்கிறான். 'தவறு' என்ற ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையில் பெற்ற மாணவனோ, எதைத் திருத்துவது என அறியாது, அதே தொடரை மறுநாளும் எழுதிக்கொண்டு வருகிறான்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசுமிடத்தும் நிலைமை இதுவே. கேட்ட செயலைச் செய்ய இயலாதபோது, மறுமொழி கூறும் கணினி ஒரு பிழைக் குறியீட்டை அனுப்புகிறது. அக்குறியீடு பொருத்தமானதாக இருப்பின், கேட்ட கணினி அடுத்துச் செய்யத்தக்கதைச் செய்கிறது. பொருந்தாததாக இருப்பின், ஒருமுறை செலுத்த வேண்டிய பணம் இருமுறை செலுத்தப்படுதலும், நடவாத ஒன்றை ஓயாது கேட்டுக்கொண்டே இருத்தலும், மறைக்க வேண்டிய செய்தி வெளிப்படுதலும் நேர்கின்றன. ஆதலின், ஒன்றுபோல் தோன்றும் குறியீடுகளுள் தக்கதைத் தேர்வது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கதாகும்.

தொலைச்செயல் அழைப்பு என்பது யாது?

ஒரு கணினியில் ஓடும் நிரல், வேறோர் இடத்திலுள்ள கணினியிடம் ஒரு செயலைச் செய்து தருமாறு கேட்டு, அதன் விடையைப் பெறுதலே தொலைச்செயல் அழைப்பு. ஆங்கிலத்தில் இதனை 'ரிமோட் புரொசீஜர் கால்' என்பர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நெல்சன் என்பார் 1981-ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி ஆய்வேடு எழுதினார். அவரும் ஆண்ட்ரூ பிரெல் என்பாரும் சேர்ந்து, ஸிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு நிலையத்தில் தாம் அமைத்த முறையை 1984-இல் கட்டுரையாக வெளியிட்டனர். தன்னிடத்திலேயே உள்ள ஒரு செயலை அழைப்பது போலவே தொலைவிலுள்ள செயலையும் அழைக்க வேண்டும் என்பது இம்முறையின் நோக்கம்.

எனினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அடுத்த அறையில் இருப்பவரை ஒன்று கேட்டால், 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை வந்துவிடும். தொலைவில் உள்ளவருக்குக் கடிதம் எழுதினால், கடிதம் சேராமலும் போகலாம். சேர்ந்தும் மறுமொழி வழியில் தவறலாம். ஆகவே தொலைச்செயல் அழைப்பில் பிழையின் வகைகள் பெருகுகின்றன. அவற்றைப் பெயரிட்டு எண்ணிட்டுத் தரும் ஒழுங்கும் இன்றியமையாததாகிறது.

கூகுள் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் யாவரும் பயன்படுத்தும் வண்ணம் வெளியிட்ட 'ஜி ஆர் பி சி' என்னும் முறையில் இவ்வொழுங்கு தெளிவாக அமைந்துள்ளது. அதில் 0 முதல் 16 வரை மொத்தம் 17 நிலைக் குறியீடுகள் உள்ளன. 0 என்பது 'செயல் நன்கு முடிந்தது' என்பதன் அடையாளம். எஞ்சிய 16-உம் செயல் முடியாமைக்கு உரியவை. அவற்றுள் 7 குறியீடுகளை ஜி ஆர் பி சி தானாக ஒருபோதும் எழுப்புவதில்லை. அவை 3, 5, 6, 9, 10, 11, 15 என்னும் எண்ணுடையவை. செயலின் உட்பொருளை அறிந்தவரே அவற்றை இட இயலும். ஆகவே அவற்றைத் தேரும் பொறுப்பு முழுவதும் நிரல் எழுதுவோரையே சாரும்.

குறியீடு யாருக்காக?

பிழை மறுமொழியில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று எண், மற்றொன்று விளக்கச் சொற்கள். சொற்கள் மனிதர் படிப்பதற்கு. எண்ணோ, கேட்ட நிரல் படிப்பதற்கு. நிரல் சொற்களைப் படித்துப் பொருள் உணர்ந்து நடப்பதில்லை. எண்ணைப் பார்த்து வழியைப் பிரித்துக்கொள்கிறது. ஜி ஆர் பி சி முறையில், 'இன்ன குறியீடு வந்தால் மீண்டும் கேட்க' என்று முன்கூட்டியே பட்டியல் எழுதி வைக்கவும் இடமுண்டு. அப்பட்டியலில் உள்ள எண் வந்த அளவில், எந்த மனிதரையும் வினவாமல் அழைப்பு மீண்டும் செல்லும்.

ஆகவே, 'என்ன நடந்தது?' என்ற வினா மட்டும் குறியீட்டைத் தேர்வதற்குப் போதாது. 'கேட்டவர் இனி என்ன செய்ய வேண்டும்?' என்பதே முதன்மை வினா. ஒன்றுபோல் தோன்றும் இரு குறியீடுகள் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடை தரும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பள்ளி நூலகத்தில் உள்ள கணினி, நகரத்திலுள்ள பெரிய நூலகத்தின் கணினியை அழைத்து, நூல்களை இரவல் பெறுகிறது எனக் கொள்க. முன்னதைப் பள்ளிக் கணினி என்றும் பின்னதை நடுவண் கணினி என்றும் குறிக்கலாம்.

கேள்வியில் பிழையா, நிலைமையில் பிழையா?

முதலில் குழப்பம் தரும் மூன்று குறியீடுகள் 3, 9, 11 என்பன. 3 'இன்வேலிட் ஆர்குமென்ட்'. இதனைத் தகா உள்ளீடு எனலாம். 9 'ஃபெயில்டு பிரீகண்டிஷன்'. இது நிறைவேறா முன்நிபந்தனை. 11 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'. இது எல்லை கடப்பு.

நூலின் எண் கேட்கப்பட்ட இடத்தில் பள்ளிக் கணினி எழுத்துகளை அனுப்பிவிட்டது என்க. நடுவண் கணினி எந்நிலையில் இருந்தாலும், இன்று கேட்டாலும் நாளை கேட்டாலும், இக்கேள்வி பிழையே. இது தகா உள்ளீடு. கேள்வியைத் திருத்தாமல் மீண்டும் அனுப்புவதால் பயனில்லை.

ஓர் உறுப்பினரின் பெயரை நீக்குமாறு பள்ளிக் கணினி கேட்கிறது. அவரோ இரவல் பெற்ற நூலை இன்னும் திருப்பித் தரவில்லை. கேள்வியின் வடிவில் குற்றமில்லை. நூல் திரும்பிய பின் இதே கேள்வி ஏற்கப்படும். இது நிறைவேறா முன்நிபந்தனை. கணினியில் கோப்புகள் நிறைந்த ஓர் அடைவை, அவற்றை அகற்றாமலே அழிக்க முயல்வதும் இவ்வகையைச் சேரும். சுருங்கச் சொல்லின், கேள்வியைத் திருத்த வேண்டுமாயின் 3. நிலைமையைத் திருத்த வேண்டுமாயின் 9.

இனி 11. நூற்பட்டியலைப் பக்கம் பக்கமாகக் கேட்டு வரும் பள்ளிக் கணினி, பட்டியல் 40 பக்கங்களோடு முடிந்தபின் 41-ஆம் பக்கத்தைக் கேட்கிறது. 41 என்பது பொருந்தாத எண் அன்று. பட்டியல் வளர்ந்தால் நாளை 41-ஆம் பக்கமும் இருக்கும். இங்கு எல்லை கடப்பு என்று மறுமொழி கூறின், பட்டியல் முடிந்தது என்று உணர்ந்து பள்ளிக் கணினி அமைதியாக நின்றுவிடும். 9-ஆம் குறியீடும் இங்கு ஓரளவு பொருந்துவதே. ஆயினும், பொதுவான குறியீடும் சிறப்பான குறியீடும் ஒருங்கே பொருந்துமிடத்துச் சிறப்பானதையே கொள்ள வேண்டும் என்பது நெறி.

3-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாட்டை ஜி ஆர் பி சி விளக்கமே ஒரு கோப்பினைக் கொண்டு காட்டுகிறது. 32 பிட் அளவில் அமைந்த கோப்பு முறையில் இடங்களை 0 முதல் 4,294,967,295 வரையே குறிக்க முடியும். அதற்கு அப்பாற்பட்ட இடத்தைக் கேட்பது தகா உள்ளீடு. ஏனெனில் எக்காலத்தும் அவ்விடம் இராது. அவ்வெல்லைக்கு உட்பட்டும், இப்போதைய கோப்பின் நீளத்தைத் தாண்டியும் உள்ள இடத்தைக் கேட்பது எல்லை கடப்பு.

மீண்டும் கேட்கலாமா?

அடுத்த மூன்றும் மிகுந்த கேடு விளைக்கத் தக்கவை. 14 'அன்அவெய்லபிள்', அதாவது சேவை இன்மை. 10 'அபார்ட்டட்', அதாவது இடைமுறிவு. மூன்றாவது மேற்சொன்ன 9. மூன்றும் 'இப்போது முடியாது' என்றே சொல்கின்றன. ஆனால் 'எப்போது முடியும்?' என்ற வினாவிற்கு அவை தரும் விடைகள் வேறு.

சேவை இன்மை என்பதன் பொருள்: இதே அழைப்பைச் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புக. நடுவண் கணினி சிறிது நேரம் நின்றுபோயிருக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம். மீண்டும் கேட்பவர் ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போதல் வேண்டும். இன்றேல், எழுந்து நிற்க முயலும் கணினியை எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டி மறுபடியும் வீழ்த்துவதாக முடியும்.

இடைமுறிவு என்பதன் பொருள்: இந்த ஓர் அழைப்பை மட்டும் திருப்பி அனுப்புவதால் பயனில்லை, தொடக்கத்திலிருந்து வருக. ஒரு நூலின் படிகள் 3 உள்ளன எனவும், அக்குறிப்பு 41-ஆம் பதிப்பு எனவும் பள்ளிக் கணினி படிக்கிறது. ஒரு படியைக் குறைத்து, '41-ஆம் பதிப்பைத் திருத்தி 2 என எழுதுக' என்று அனுப்புகிறது. அதற்குள் வேறொரு பள்ளி ஒரு படியைப் பெற்றுவிட, குறிப்பு 42-ஆம் பதிப்பாகிவிட்டது. நடுவண் கணினி எழுத மறுக்கிறது. இப்போது செய்யத் தக்கது, குறிப்பை மீண்டும் படித்து, புதிய எண்ணிலிருந்து ஒன்றைக் குறைத்து, பின் எழுதுதல். படித்தல், மாற்றல், எழுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த தொடரையே மீண்டும் தொடங்க வேண்டும்.

இவ்விடத்தில் 10-க்குப் பதிலாக 14 இடப்பட்டதாயின் விளைவு யாது? பள்ளிக் கணினி '41-ஆம் பதிப்பைத் திருத்துக' என்ற பழைய அழைப்பையே திரும்பத் திரும்ப அனுப்பும். 41-ஆம் பதிப்போ இனி வரப்போவதில்லை. எத்தனை முறை அனுப்பினும் மறுப்பே விடை. 9 இடப்பட்டதாயின், யாரோ வந்து நிலைமையைத் திருத்தும் வரை காத்திருக்க வேண்டும் என எண்ணி அது முயற்சியைக் கைவிடும். நூல் இருந்தும் மாணவருக்குக் கிட்டாது போகும். ஒரே மறுப்புத்தான், பெயர் மாறியதால் ஒருபுறம் வீண் உழைப்பு, மறுபுறம் வீண் இழப்பு.

ஆகவே மூன்றையும் பிரித்தறியும் உரைகல் இது: அழைப்பை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதுமாயின் 14; தொடர் முழுவதையும் மீண்டும் தொடங்க வேண்டுமாயின் 10; நிலைமை திருத்தப்படும் வரை மீண்டும் கேட்கவே கூடாதாயின் 9.

கெடு கடந்த செயல்

4-ஆம் குறியீடு 'டெட்லைன் எக்ஸீடட்'. குறித்த கெடுவிற்குள் விடை வரவில்லை என்பது இதன் பொருள். இது 14 போலத் தோன்றினும், இதனுள் ஓர் ஐயம் மறைந்து கிடக்கிறது. விடை வராமையால் செயல் நடவவில்லை என்று துணிதல் கூடாது. செயல் முழுமையாக நடந்து முடிந்து, மறுமொழி மட்டும் காலங்கடந்து வந்திருக்கலாம்.

ஒரு மாணவர் நூலைத் தாமதமாகத் தந்தமைக்கு 5 வெள்ளி தண்டம் செலுத்துகிறார் என்க. பள்ளிக் கணினி அனுப்பிய அழைப்புக்குக் கெடுவிற்குள் விடை வரவில்லை. அது மீண்டும் அனுப்பினால் 10 வெள்ளி கழிக்கப்படலாம். அனுப்பாது விட்டால் தண்டம் செலுத்தப்படாமலே நிற்கலாம். 14-ஆம் குறியீடு வந்தபோதும், பணம் போன்றவற்றில் இவ்வெச்சரிக்கை வேண்டும். ஒருமுறைக்கு மேல் செய்தால் பயன் மாறும் செயலைக் கண்மூடி மீண்டும் செய்தல் தகாது.

இதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு பணச் செயலுக்கும் கேட்பவரே ஒரு தனி எண்ணை இட்டு அனுப்ப வேண்டும். அதே எண்ணோடு இரண்டாம் முறை அழைப்பு வந்தால், நடுவண் கணினி பணத்தை மறுபடி கழிக்காமல், முன்னைய விடையையே தரலாம். அன்றி, 6-ஆம் குறியீடாகிய 'ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' என்பதைத் தரலாம். அது, 'நீர் படைக்கக் கேட்டது முன்பே உளது' எனப் பொருள்படும். பிழைபோல் தோன்றும் அக்குறியீடு, இங்கே செயல் முன்பே நிறைவேறியது என்னும் நற்செய்தியைத் தாங்கி வருகிறது.

வாயிலில் நிற்கும் குறியீடுகள்

16 'அன்ஆத்தென்டிகேட்டட்', 7 'பெர்மிஷன் டினைடு' ஆகிய இரண்டும் வாயிற்காவலர் கூறும் விடைகள். '16' என்றால், 'நீர் யார் என்று தெரியவில்லை; அடையாளம் காட்டுக' என்பது பொருள். '7' என்றால், 'நீர் யார் என்று தெரியும். ஆயினும் உமக்கு அனுமதி இல்லை' என்பது பொருள். முன்னதைப் பெற்றவர் மீண்டும் கடவுச்சொல் தந்து உள்ளே வர முயலலாம். பின்னதைப் பெற்றவர் எத்தனை முறை கடவுச்சொல் தந்தாலும் கதவு திறவாது; அனுமதி வழங்குவோரையே அணுக வேண்டும்.

இவ்விரண்டும் மயங்குவதற்கு ஒரு காரணம் வலையுலகின் 'எச்.டி.டி.பி' முறையில் உள்ளது. அங்கு 401-ஆம் எண்ணின் பெயர் 'அன்ஆதரைஸ்டு'. அனுமதி இல்லை என்பதே சொற்பொருள். அது பயன்படுவதோ அடையாளம் உறுதிப்படாத இடத்தில். அனுமதி மறுப்பிற்கு உரியது 403. பெயர் ஒன்று, பயன் வேறு என அமைந்தமையால் கற்போர் பலர் தடுமாறுகின்றனர்.

உரிய அளவைத் தாண்டி ஒருவர் கேட்டால், அதற்கும் 7 இடுதல் தவறு. ஒரு நாளைக்கு 100 முறை கேட்கலாம் என்னும் வரம்பு தீர்ந்துவிட்டால், 8-ஆம் குறியீடாகிய 'ரிசோர்ஸ் எக்ஸாஸ்டெட்' என்பதே உரியது. அனுமதி இல்லாதவர் வேறு. அனுமதி இருந்தும் பங்கு தீர்ந்தவர் வேறு. பின்னவர் நாளை வரலாம்.

5-ஆம் குறியீடாகிய 'நாட் ஃபவுண்ட்' என்பது, கேட்ட பொருள் காணப்படவில்லை என்று சொல்வது. இதற்கும் 7-க்கும் இடையே தேர்வதில் மறைபொருள் காக்கும் கடமை ஒன்று உண்டு. ஒரு மாணவர் மனநல ஆலோசகரிடம் சென்ற குறிப்பு பள்ளியின் ஏட்டில் உள்ளது என்க. உரிமையற்ற ஒருவர் அதனைக் கேட்கும்போது, குறிப்பு இருந்தால் 'அனுமதி இல்லை' என்றும், இல்லாவிட்டால் 'காணப்படவில்லை' என்றும் கணினி கூறுமாயின், குறிப்பைத் திறக்காமலே இரகசியம் வெளிப்பட்டுவிட்டது. ஆதலின், குறிப்பு இருப்பினும் இல்லாவிடினும் உரிமையற்றவருக்கு ஒரே விடைதான் கிடைக்க வேண்டும். உரிமையை முதலில் ஆராய்ந்து, இருப்பை அதன்பின் ஆராய்தல் இதற்குப் பாதுகாப்பான வழி.

தன் குற்றமும் பிறர் குற்றமும்

மறுமொழி கூறும் கணினி தன்னிடத்தே குறை நேர்ந்ததை ஒப்புக்கொள்ளும் குறியீடுகளும் உண்டு. 13 'இன்டர்னல்' என்பது, ஒருபோதும் நிகழக்கூடாத உட்பிழை நிகழ்ந்ததைக் காட்டும். 15 'டேட்டா லாஸ்' என்பது, மீட்க இயலாதவாறு தரவு கெட்டதைக் காட்டும். 12 'அன்இம்பிளிமென்டெட்' என்பது, கேட்ட செயல் அங்கு அமைக்கப்படவே இல்லை என்பதைக் காட்டும். 2 'அன்நோன்' என்பது, வகை தெரியாத பிழை. எதற்கெடுத்தாலும் 2 அல்லது 13 என்று இடுவது, எல்லா விடைத்தாளிலும் 'தவறு' என்று மட்டும் எழுதுவதை ஒக்கும்.

இங்கு நுணுக்கமான ஓர் இடம் உண்டு. பள்ளிக் கணினி கேட்ட கேள்வி சரியானது. அதற்கு விடை தேடும் பொருட்டு நடுவண் கணினி மூன்றாவது கணினி ஒன்றை அழைக்கிறது. அவ்வழைப்பைத் தவறாக அமைத்துவிட்டது. மூன்றாவது கணினி 'தகா உள்ளீடு' என்று மறுக்கிறது. நடுவண் கணினி அந்த 3-ஐ அப்படியே பள்ளிக் கணினிக்குத் தள்ளிவிடுமாயின், குற்றமற்றவர் மீது குற்றம் சுமத்தியதாகும். பள்ளியில் உள்ளவர்கள் பிழையற்ற தம் கேள்வியில் பிழை தேடி நாளைக் கழிப்பர். தவறு தன்னுடையது ஆதலின், நடுவண் கணினி அதனை 13 ஆக மாற்றிச் சொல்வதே முறை.

எண் மாறும்போது இழப்பது

ஜி ஆர் பி சி குறியீடுகளை வலைப்பக்கங்களுக்குரிய எச்.டி.டி.பி எண்களாக மாற்ற வேண்டிய இடங்களும் உண்டு. கூகுள் வகுத்த மாற்று அட்டவணையில் 3, 9, 11 ஆகிய மூன்றும் 400 என்னும் ஒரே எண்ணாகின்றன. 6-உம் 10-உம் 409 ஆகின்றன. அரிதில் பிரித்த வேறுபாடுகள் எண்ணளவில் மறைந்துவிடுகின்றன. ஆகவே, மாற்றிய எண்ணோடு மூலக் குறியீட்டின் பெயரையும் மறுமொழியின் உள்ளே எழுதி அனுப்புதல் வேண்டும்.

தேரும் வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், குறியீட்டைத் தேர்வோர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் ஒரு வரிசையில் அமைகின்றன. கேட்பவர் யார் எனத் தெரிகிறதா? அவருக்கு உரிமை உண்டா? கேள்வி பிழையற்றதா? கேட்ட பொருள் உளதா? நிலைமை இடந்தருகிறதா? இவையெல்லாம் நன்றாக இருந்தும் செயல் முடியவில்லையெனில், அழைப்பை மட்டும் மீண்டும் அனுப்பலாமா, தொடக்கத்திலிருந்து வர வேண்டுமா? இவ்வினாக்களில் முதன்முதல் 'இல்லை' எனப்படும் இடத்திலேயே பெரும்பாலும் உரிய குறியீடு கிடைத்துவிடும்.

இந்நாளில் மாணவர்கள் இடைநிலைப் பள்ளிப் பருவத்திலேயே நிரல் எழுதக் கற்கின்றனர். அவர்களுக்கு இப்பதினேழு எண்களையும் மனப்பாடம் செய்விக்க வேண்டுவதில்லை. நூலகம், பேருந்துச் சீட்டு, தேர்வுப் பதிவு போன்று அவர்கள் அறிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, செயல் தடைப்படும் ஐந்தாறு நிலைமைகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் 'கேட்டவர் இனி என்ன செய்ய வேண்டும்?' என்று வினவினால் போதும். விடையை அவர்கள் தமிழில் ஒரு வரியில் சொல்லட்டும். எண்ணை அட்டவணையில் தேடிக்கொள்ளலாம். அந்த ஒரு வரியை எந்த அட்டவணையும் அவர்களுக்காக எழுதித் தராது.